வேதாவின் இரண்டாவது காதும் பம்மல் வண்டியின் புது சீட்டும்

தாம்பரம் மேற்கு,
சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை ஜீவானந்தம் அவர்களுக்கு,

தாம்பரம்–பம்மல் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் நலச் சங்கத்தின் செயலாளரும், தங்கள் மனைவி தீபலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணனும், தங்கள் மகள் வேதாவின் தாய்மாமனுமாகிய பக்தவச்சலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் வீட்டுக்காரி சத்யபிரியா நலம், எல்லாவற்றுக்கும் மேலாக என் முதுகு நலம். அங்கே தாங்களும், தங்கச்சியும், வேதாவும், வேதாவின் குத்திய காதும் குத்தாத காதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக் குன்றத்தூர் முருகன் துணை நிற்பானாக.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஒரு பொட்டலம் கடலை தின்று முடிப்பதற்குள் கூடுவாஞ்சேரி வந்துவிடும், இதற்குப் போய்த் தபால் எழுதுகிறானே என்று தாங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் போன் எண்ணைத் தங்கச்சி ப்ளாக் செய்துவிட்டாள். தங்கள் போனையும் வாங்கி அதிலும் ப்ளாக் செய்துவிட்டாள். நேரில் வரலாமென்றால், "உன் முதுகு நேராகுற வரைக்கும் என் வீட்டு வாசப்படி ஏறாதண்ணா" என்று அவள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஆனால் தபால்காரரை அவளால் ப்ளாக் செய்ய முடியாது. சங்கத்துக்காக இத்தனை காலம் மனு எழுதியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

எனவே முக்கியச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முதுகு சரியாகிவிட்டது மாப்பிள்ளை! ஆகையால் வருகிற வைகாசி முகூர்த்தத்தில் குன்றத்தூரில் வேதாவின் இரண்டாவது காதைக் குத்தும்போது அவளை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் நான்தான். எங்கள் சித்தப்பா மகன் அரிகிருஷ்ணனை அதற்கு ஏற்பாடு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாடம்பாக்கத்தில் மனை விற்கிற அந்தப் பையன் பட்டுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டானாம். அவன் நல்லவன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு காதுக்கு ஒரு மாமன், மறு காதுக்கு வேறொரு மாமன் என்று உலகத்தில் எங்காவது உண்டா? நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து, கண்ணாடி முன் நின்று தோடு போடும்போது, வலது காதில் என்னையும் இடது காதில் அரிகிருஷ்ணனையும் நினைக்க வேண்டுமா?

போன ஆவணியில் குன்றத்தூர் மலைமேல் நடந்தது ஊருக்கே தெரியும் என்றாலும், என் தரப்பு இதுவரை பதிவாகவில்லை. பச்சைக் கரை வேட்டியில் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய வேதா என் மடியில் உட்கார்ந்தாள், ஒரு கையில் வாழைப்பழம், இன்னொரு கையில் என் மீசை. ஆசாரி வலது காதைக் குத்தினார். குழந்தை அழக்கூட இல்லை, மீசையை மட்டும் ஒரு இழுப்பு இழுத்தாள். ஆசாரி இந்தப் பக்கம் வந்தார். இடது காதைக் காட்டுவதற்காகக் குழந்தையைத் திருப்ப, நான் இடுப்பைச் சற்றே திருப்பினேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை! இடுப்புக்குள் யாரோ ஷட்டரை இழுத்துப் பூட்டியது போலப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட அலறலில் மேளக்காரர் வாசிப்பை நிறுத்தினார், ஆசாரி ஊசியைக் கீழே போட்டார், வேதா மடியிலிருந்து குதித்து அம்மாவின் முந்தானைக்குள் போனவள்தான், அப்புறம் எத்தனை பொம்மை காட்டியும் வெளியே வரவில்லை. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப் படியிறக்கினார்கள். எதிரே ஏறி வந்த பக்தர்கள் ஏதோ உற்சவம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மரியாதைக்காக நானும் கையை உயர்த்தினேன். அதற்கு வேறு தங்கச்சி கோபித்துக்கொண்டாள். அன்றிலிருந்து குழந்தை ஒற்றைத் தோட்டோடு திரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னொண்ணு எங்க விழுந்துச்சு?" என்று தரையில் குனிந்து தேடுகிறார்களாம். கேட்கும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது.

ஆனால் இது வயசாகிக் கெட்ட முதுகு இல்லை, தொழில் கெடுத்த முதுகு. எங்கள் வண்டியின் முன் சீட்டைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி அது ஓட்டுநர் ஒருவருக்கானது. நடைமுறைப்படி நடுவில் ஓட்டுநர், இடப்பக்கம் ஒரு பயணி, வலப்பக்கம் ஒரு பயணி. காலையில் வேலைக்கு ஓடுகிற ஒரு மனிதர் வந்து நின்று, "கொஞ்சம் நவுருங்கண்ணா" என்றால் நகராமல் இருக்க முடியுமா? நகர்ந்தேன். அடுத்தவருக்காக அந்தப் பக்கமும் நகர்ந்தேன். கடைசியில் எனக்கு மிஞ்சியது சீட்டின் முனை. பாதி உடம்பு சீட்டில், பாதி காற்றில், முகம் ரோட்டைப் பார்க்க, இடுப்பு வேறெங்கோ பார்க்க, பக்கத்து ஆளின் பேப்பரை ஓசியில் படிக்கிறவன் மாதிரி சாய்ந்துகொண்டு பம்மல் வரைக்கும் போகவேண்டும். வருஷக்கணக்காக இப்படி ஓட்டி ஓட்டி, வீட்டில் சோபாவில் தனியாக உட்கார்ந்தாலும் ஓரமாகத்தான் உட்காருகிறேன். "யாரு ஏறப் போறாங்கன்னு இவ்ளோ இடம் விட்டு வெச்சிருக்கீங்க?" என்று சத்யபிரியா கேட்பாள்.

இந்த நிலைமையில்தான் அனுப்பிரியா மேடம் வந்தார்கள்! பம்மலில் முன்பு தோல் பதனிடும் இடங்கள் இருந்த பக்கத்தில், பேட்டரி வண்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. அங்கே வண்டி வடிவமைக்கிற இன்ஜினியர். சின்ன வயசு, எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் பேச்சு. ஒரு மத்தியானம் ஸ்டாண்டுக்கு வந்து, "அண்ணா, நாங்க புதுசா ஒரு ஷேர் ஆட்டோ டிசைன் பண்றோம். ஓட்டுறவங்களுக்கு முதுகு வலி வரக்கூடாது, அதான் பாயின்ட்டு. ஆபீஸ்ல ஏசி போட்டுக்கிட்டு நாங்களே வரைஞ்சா சரியா வராது. நாள் முழுக்க உக்கார்றது நீங்கதானே? நீங்களும் எங்ககூட சேர்ந்து டிசைன் பண்ணணும்" என்றார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது மாப்பிள்ளை. இதுவரை வண்டியைப் பற்றி எங்களிடம் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் "ஏன் இங்க நிறுத்துன?" என்பதைத் தவிர வேறு கேட்டதில்லை. முதல்முறையாக ஒருவர் வந்து, உங்களுக்கு எப்படி உட்கார்ந்தால் வசதி என்று கேட்கிறார்! அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்லாவரத்தில் இறங்கவேண்டிய இருவரைத் தெரியாமல் அனகாபுத்தூர் வரை கொண்டுபோய்விட்டேன்.

உடனே டீக்கடைப் பின்புறம் சங்கத்தின் அவசரக் கூட்டம். மேடத்துக்கு ஸ்பெஷல் டீ. முதலில் பென்னி எழுந்தான். எங்கள் ஸ்டாண்டிலேயே நெட்டை அவன்தான், எழுந்தபோதே டீக்கடை ஓலையில் தலை இடித்தது. "மேடம், மொதல்ல கூரைய தூக்குங்க. ஸ்பீடு பிரேக்கர் வந்தா மண்டைல மணி அட்ச்சா மாரி கீது" என்றான். அடுத்தவர் கங்கையம்மாள் அக்கா, எங்களில் ஒரே பெண் ஓட்டுநர், பிரேக்குக்குக் கால் எட்டவேண்டும் என்பதற்காக வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறவர். "அட குந்துயா! கூரை இன்னாத்துக்கு? சீட்டு முன்னால பின்னால நவுரணும் மேடம். எனுக்குக் காலு எட்டல, இவனுக்குக் காலு மடங்கல. ஒரே சீட்டு ரெண்டு பேரு இடுப்பயும் பேஜார் பண்ணிக்கினு கீது" என்றார். செயலாளர் என்ற முறையில் நான் வைத்த கோரிக்கைகள்: சாமி படத்துக்குத் தனி விளக்கு, மாலை மாட்ட ஒரு கொக்கி, டீ கிளாஸ் உட்காரும்படி ஒரு பள்ளம். "இதெல்லாம் முதுகுக்கு எப்படிண்ணா ஹெல்ப் பண்ணும்?" என்று மேடம் கேட்டார்கள். "மனசு நல்லா இருந்தாத்தான் மேடம் முதுகு நல்லா இருக்கும்" என்றேன். மறுப்பு சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள். கொக்கி வந்துவிட்டது என்பதை இங்கேயே பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிறகு அளவெடுக்கும் படலம். கம்பெனி ஷெட்டில் தெர்மாகோல் உருண்டை நிரப்பிய ஒரு பெரிய பை. அதன்மேல் உட்கார்ந்தால் ஒரு மோட்டார் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிடும், எழுந்து பார்த்தால் நம் உடம்பின் அச்சு அப்படியே கல் மாதிரி நிற்கும். "எப்பவும் வண்டில எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க" என்றார்கள் மேடம். நாங்களும் ஒழுங்காக அப்படியே உட்கார்ந்தோம். எல்லோருடைய அச்சையும் கம்ப்யூட்டரில் சேர்த்து அரைத்து, கொஞ்ச நாளில் சீட் தயாரானது. மஞ்சள் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். நான் கற்பூரம் காட்டினேன், கங்கையம்மாள் அக்கா தேங்காய் உடைத்தார், மேடம் துணியை விலக்கினார்கள். சீட் கோணலாக நின்றது! உட்காரும் பள்ளம் நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போயிருந்தது, முதுகுப் பக்கம் முறுக்கின துணி மாதிரி இருந்தது. மேடம் நம்பமுடியாமல் அதில் உட்கார்ந்து பார்த்தார்கள், வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்தால் பாந்தமாக இருந்தது. "சூப்பரா கீது மேடம், வூட்ல குந்திக்கினு கீறா மாரியே கீது" என்று பென்னி இறங்க மறுத்தான். மேடம் தரையில் இருந்தபடியே எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்க ஸ்டாண்டுல எல்லாருக்குமே முதுகெலும்பு கோணலா இருக்கா?"

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. முன் சீட்டில் யாராவது பயணிகள் உட்காருவார்களா என்று மேடம் முதல் நாளே கேட்டிருந்தார்கள். "சேச்சே, சட்டவிரோதம்" என்று நான்தான் கம்பீரமாகப் பதில் சொல்லியிருந்தேன். ஏமாற்ற வேண்டுமென்று சொல்லவில்லை மாப்பிள்ளை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அந்தப் பதில்தான் வாயில் வரும், ஸ்டாண்டில் எல்லோருக்கும் அப்படித்தான். மறுநாள் காலை நெரிசலில் மேடமே என் வண்டியில் ஏற வந்தார்கள். பின்னால் இடமில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், "முன்னால வாங்க மேடம், இடம் இருக்குது" என்று நகர்ந்து உட்கார்ந்தேன். நகர்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. மேடம் என் இடுப்பைப் பார்த்தார்கள், எனக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள், மறுபடி என் இடுப்பைப் பார்த்தார்கள். "அண்ணா! சீட்டு கோணல் இல்லண்ணா! நீங்க உக்கார்றதுதான் கோணல்!" என்று போட்டார்கள் ஒரு கூச்சல். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் முதுகு எதனால் போகிறது என்று எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ரோட்டைத் திட்டினோம், ஷாக் அப்சார்பரைத் திட்டினோம், நகர்ந்து உட்காருவதை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

அதன்பின் மேடம் வரைந்த சீட் ஒரே ஒரு ஆளுக்கானது. நடுவில் அளவான பள்ளம், இரண்டு பக்கமும் யாரும் உட்காரமுடியாதபடி மேடாகக் கரை, முதுகைத் தாங்கும் வளைவு, கங்கையம்மாள் அக்கா கேட்டபடி முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம். படத்தைப் பார்த்ததும் ஸ்டாண்டே பற்றிக்கொண்டது. "அப்போ முன்னால ஏற்ற ரெண்டு பேரு? அவுங்கள தலைல தூக்கி வெச்சுக்கினு ஓட்டுறதா?" என்று பென்னி குதித்தான். வயிற்றுக்காக முதுகைக் கொடுத்தோம், இப்போது முதுகுக்காக வயிற்றைக் கொடுப்பதா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் செயலாளர், இரண்டு பக்கமும் பேசவேண்டியவன். எனக்கோ அந்தச் சீட் வேண்டும், வேதா வேண்டும், என் மடி எனக்குத் திரும்ப வேண்டும். ஆனால் என் ஒருவன் முதுகுக்காக மற்றவர்கள் பிழைப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. மேடமும் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிண்ணா, அந்த ரெண்டு பேரையும் எங்க உக்கார வைக்கலாம்னு சேர்ந்தே கண்டுபிடிப்போம்" என்றார்கள்.

அதற்காகக் கட்டியதுதான் அட்டை ஆட்டோ! ஃபிரிட்ஜ் வந்த பெட்டிகளை வெட்டி ஒட்டி, நிஜ அளவில் ஒரு வண்டி. கம்பெனி வாசலில் ரோட்டோரமாக நிறுத்தி, இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு ஸ்டூல் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருந்த பென்னி, கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காதவன், பழக்கத்தில் "தாம்பரம், தாம்பரம், பல்லாவரம், தாம்பரம்!" என்று கூவிவிட்டான். அந்த வழியாக வந்த சாவித்ரி டீச்சர், ஓய்வுபெற்ற பிறகும் தினம் எங்கள் வண்டியில் போகிறவர், குடையை மடக்கிக்கொண்டு ஏறிவிட்டார்! ஏறியவர் பென்னியின் முதுகுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலில், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமர்ந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அட்டை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை, டீச்சர் அல்லவா. கொஞ்ச நேரம் பொறுத்தவர், "என்ன பென்னி, ஆள் நிறைஞ்சாத்தான் எடுப்பியா?" என்றார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். பக்கவாடு அட்டை, அப்படியே விரிந்து ரோட்டில் விழுந்தது. டீச்சர் ஸ்டூலைவிட்டு அசையவில்லை. மேடம் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, "ஆனா ஏன் டீச்சர் பின்பக்கம் பாத்து உக்காந்தீங்க?" என்று கேட்டார்கள். "பின்னால பஸ் வருதான்னு பார்க்கத்தாம்மா. வந்தா இறங்கிடலாமே" என்றார் டீச்சர்.

மாப்பிள்ளை, அந்த வார்த்தையில் எங்கள் வண்டி பிறந்துவிட்டது! ஷேர் ஆட்டோவில் ஏறுகிற எல்லோரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வருகிறதா என்றுதானே பார்க்கிறார்கள்? ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பேருக்கு ஒரு மடக்கு பெஞ்சு. முன்னால் இழந்த இருவர் அங்கே வந்துவிட்டார்கள், அவர்கள் கழுத்துக்கும் நிம்மதி. பென்னி மேடத்தைத் தூக்கிச் சுற்றாத குறை. கங்கையம்மாள் அக்கா, "ஆங், இப்ப கரீட்டா கீது" என்றார், அவர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது. ரோட்டில் விழுந்த அட்டையில் எங்கள் எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லி மேடம் ஷெட்டில் மாட்டிவிட்டார்கள். முதல் கையெழுத்து டீச்சருடையது, சிவப்பு மையில்.

முதல் வண்டி தயாரானதும் சோதனை ஓட்டத்துக்கு என்னிடம்தான் கொடுத்தார்கள். மாம்பழ மஞ்சள் நிறம், சாமி விளக்கு, கொக்கி, கொக்கியில் கதம்பம். அந்தச் சீட்டில் முதல்நாள் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடுப்பு இரண்டு பக்கமும் சீட்டில் இருக்கிறது, முதுகில் ஒரு கை வைத்துத் தாங்குவது போல இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்கிறேன். இப்போது குனிந்து செருப்பை எடுக்கிறேன், தும்மும்போது சுவரைப் பிடிப்பதில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்தில் தரையில் பந்தி போட்டார்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன், யார் உதவியும் இல்லாமல் எழுந்தேன்! எழுந்ததும் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்தேன், அவர் மாப்பிள்ளை வீட்டார், யாரென்றே தெரியாது. வேதாவுக்காகத் தனிப் பயிற்சியும் நடக்கிறது. அவள் எடைக்கு ஒரு அரிசிப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், சத்யபிரியா தீக்குச்சியால் பைக்கு இடது காது குத்துகிறாள், நான் இடுப்பைத் திருப்புகிறேன். பை இதுவரை கீழே விழவில்லை.

ஆகவே தங்கள் சமூகத்துக்கு என் இறுதியான, பணிவான, விட்டுக்கொடுக்க முடியாத வேண்டுகோள். வைகாசி முகூர்த்தத்தன்று காலை இந்த மஞ்சள் வண்டி கூடுவாஞ்சேரியில் தங்கள் வாசலில் வந்து நிற்கும். தங்கச்சி என்னைப் பார்க்கவேண்டாம், என் முதுகை மட்டும் பார்க்கட்டும், நேராக இருக்கிறதா என்று அவளே சொல்லட்டும். மலைமேல் தரையில் உட்கார்ந்து, என் மருமகளை என் மடியில் வைத்து, இரண்டாவது காதையும் குத்தி முடித்துத்தான் கீழே இறங்குவேன். அரிகிருஷ்ணனிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பட்டுச் சட்டை வீணாகாது, அடுத்த தீபாவளிக்கு ஆகும்.

வேதாவுக்கு மாமனின் ஆயிரம் முத்தம். தங்கச்சி மனசு குளிரவும், தாங்கள் எல்லா வளமும் பெறவும், தங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த நாளும் இடுப்புப் பிடிக்காமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
பக்தவச்சலம்
(செயலாளர்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அரிகிருஷ்ணனே வாசலில் வந்து இறங்கிவிட்டான்! புது வண்டியைப் பற்றி மாடம்பாக்கம் வரைக்கும் பேச்சாம், ஒரு சுற்று காட்டச் சொல்கிறான். காட்டிவிட்டு, வருகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். எப்பேர்ப்பட்ட மாமனோடு போட்டிக்கு வந்தோம் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்!

இன்னொரு பி.கு.: அண்ணா, நான் சத்யபிரியா எழுதுகிறேன். இவர் படுத்திருக்கிறார். தைலம் தேய்க்கச் சட்டையைக் கழற்றியபோது பையில் இந்தக் கடிதம் இருந்தது.

அரிகிருஷ்ணன் பின்னால் உட்காரமாட்டேன், சீட்டைப் பார்க்கத்தானே வந்தேன் என்று முன்னால் வந்து நின்றிருக்கிறார். "கொஞ்சம் நவுருண்ணா" என்றாராம். இவர் நகர்ந்துவிட்டார். ஒரு ஆளுக்காக இத்தனை பேர் சேர்ந்து செய்த சீட். அதில் பள்ளத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, இவர் கரைமேல் உட்கார்ந்துகொண்டு பம்மல் வரை போய்த் திரும்பியிருக்கிறார். இறங்கும்போது பிடித்துக்கொண்டது. "சீட்டு சூப்பரா இருக்குது அண்ணி, எனக்கு முதுகே வலிக்கல" என்று சொல்லிவிட்டு அரிகிருஷ்ணன் போனார்.

இவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தீபா என் நம்பரை ப்ளாக் செய்யவில்லை, நாங்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவளுக்குக் கோபமும் இல்லை. அன்று இவரை நாற்காலியில் வைத்து இறக்கும்போது அவள் பின்னாலேயே அழுதுகொண்டு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மறுபடியும் தரையில் உட்கார்ந்து அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் அரிகிருஷ்ணனைக் கேட்டாள். கோபமாக இருப்பது போல இருந்தால்தான் இவர் அடங்குவார் என்று ப்ளாக் செய்தாள். இன்றைக்கு நடந்ததை இப்போதுதான் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள், அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். வேதாவும் யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்கிறாளாம். அரிகிருஷ்ணன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மீசை இல்ல" என்று இறங்கிவிட்டாளாம்.

அதனால் நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். தரையில் உட்கார வேண்டாம். ஆசாரி மலையடிவாரத்துக்கே இறங்கி வருவதாக ஒப்புக்கொண்டார். கங்கையம்மாள் அக்கா மஞ்சள் வண்டியை ஓட்டி வருவார். அங்கே நிறுத்தி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, இவரை அதில் உட்காரவைத்து, வேதாவை மடியில் கொடுப்போம். குழந்தை மடியில் இருந்தால் முதுகு என்ன ஆகிறது என்று பார்க்க அனுப்பிரியாவும் வருகிறாள். அரிகிருஷ்ணன் பட்டுச் சட்டையோடு வந்து பின் பெஞ்சில் உட்காரட்டும், பஸ் வந்தால் சொல்லட்டும்.

இவருக்கு இடப்பக்கம் நான் நிற்பேன், வலப்பக்கம் தீபா நிற்பாள். யார் வந்து கேட்டாலும் காது குத்தி முடிகிற வரைக்கும் இந்த மனிதரை நகர விடமாட்டோம்.